கம்பைல் செய்தால் மட்டும் பெட்டி எடை 0 ஆகிறது: ஜைத்தான் மரபுரிமைச் சிக்கல்

மண்டபத்தான் · வெள்ளி, இரவு 10:42

வணக்கம். நேற்றிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். பைத்தானை ஜாவாவோடு சேர்த்து ஓட்டிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

என் மாமா மண்டபத்தில் படகுக்காரர்களிடம் நண்டை விலைக்கு எடுக்கிறார். விடியலில் நாட்டுப்படகுகள் கரையேறியதும், வலையிலிருந்து கழற்றிய நீலக்கால் நண்டைப் பிளாஸ்டிக் பெட்டியோடு தராசில் வைப்போம். பெட்டியின் எடை 1.8 கிலோ. அதைக் கழித்து மீதிக்குச் சீட்டு. தராசு விற்றவர்கள் அதனுடன் ஒரு ஜாவா நிரலும் கொடுத்தார்கள். அதிலுள்ள தாய் வகுப்பிலிருந்து நாம் ஒரு சேய் வகுப்பை எழுதி ஜார் கோப்பாக வைத்தால், அமைப்புக் கோப்பில் இருக்கும் பெயரைப் பார்த்து நிரல் அதைத் தானாக ஏற்றிக்கொள்ளும். எனக்குப் பைத்தான்தான் கைவந்த மொழி. கணினியோ பழையது, ஜாவா 6. ஆகவே ஜாவாவின் மேல் ஓடும் பைத்தானான ஜைத்தான் 2.2.1, அதனுடன் வரும், பைத்தான் வகுப்பை ஜாவா வகுப்பாக்கும் ஜைத்தான்சி கம்பைலர்.

நிரலை அப்படியே ஒட்டினால் இந்தத் தளம் வரித் தொடக்க இடைவெளிகளை விழுங்கிவிடுகிறது. பைத்தானில் இடைவெளி போனால் எல்லாம் போயிற்று. வாக்கியமாகவே சொல்கிறேன்.

தாய் வகுப்பின் பெயர் 'தராசு' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள் (ஆப்ஜெக்டைப் படைக்கும்போது ஓடும் பகுதி). ஒன்று எதையும் வாங்காது, மற்றது பெட்டி எடையைத் தசம எண்ணாக வாங்கும். வாங்கிய எண்ணைத் தன் மடியிலேயே முடிந்துகொள்ளும், சேய்க்குக் காட்டாது. அதனால் என் 'நண்டெடை' வகுப்பின் 'இனிட்' செயற்கூற்றில் (பைத்தானில் படைக்கும்போது ஓடுவது) பெட்டி எடையை நானும் ஒருமுறை வாங்கி செல்ஃபில், அதாவது அந்த ஆப்ஜெக்டிலேயே, வைத்துக்கொள்கிறேன். எதுவும் தராவிட்டால் 0 என்பது இயல்பு மதிப்பு. 'நிகரம்' என்ற செயற்கூறு மொத்த எடையிலிருந்து அதைக் கழித்துத் தரும். தாயிடமுள்ள 'தயார்செய்' என்ற இன்னொன்றையும் மேலெழுதியிருக்கிறேன், அதாவது அதன் இடத்தில் என்னுடையதை வைத்திருக்கிறேன். தராசு எந்த போர்ட்டில் இருக்கிறது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதற்கு மட்டும்தான் அது.

ஜைத்தான் திரையில் கையால் ஓட்டினால் 23.4 கொடுத்தால் 21.6 வருகிறது. கம்பைல் செய்து ஜார் ஆக்கி, தராசு நிரல் வழியாக ஓட்டினால் 23.4க்கு 23.4 என்றே வருகிறது. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது, ஒன்றும் கிடையாது.

இதைக் கண்டுபிடித்தது நானுமில்லை, மாமாவுமில்லை. வேதாளையிலிருந்து வரும் படகுக்காரர் ஒருவர் நேற்றுக் காலை சீட்டை நீட்டி, "தம்பி, பெட்டிக்கும் சேர்த்து நண்டு விலை போட்டிருக்கிறீர்களே" என்றார். மூன்று நாள் சீட்டையும் எடுத்து வந்திருந்தார்.

---

உச்சிப்புளி_பாசஞ்சர் · வெள்ளி, இரவு 11:05

முதலில் அந்தப் படகுக்காரருக்கு ஒரு வணக்கம்.

எனக்குத் தோன்றுவது முழுஎண் வகுத்தல். ஜைத்தான் 2.2 என்பது பைத்தான் 2 குடும்பம். அதில் 18ஐ 10ஆல் வகுத்தால் 1.8 வராது, 1தான் வரும். பெட்டி எடையை கிராமில் வாங்கி ஆயிரத்தால் வகுக்கிறீர்களா?

---

மண்டபத்தான் · வெள்ளி, இரவு 11:11

இல்லை அண்ணே, எங்கும் வகுத்தலே இல்லை. அப்படியே இருந்தாலும் பெட்டி எடை 1 ஆகத்தான் குறைந்திருக்கும். எனக்கு முழுப் பெட்டியும் காணாமல் போகிறது.

---

பாலத்தடி · வெள்ளி, இரவு 11:30

இருபது வரி வேலைக்கு எதற்கு இத்தனை சுற்று? ஜாவாவிலேயே எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். ஜைத்தான்சி எப்போதோ செத்துப்போனது. ஜைத்தான் 2.5 வெளிவந்த 2009லேயே அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். செத்த மீனை ஐஸில் போட்டு வைத்தால் உயிர் வந்துவிடாது.

---

வத்தை77 · வெள்ளி, இரவு 11:48

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே இனத்தில் ஒரு கேள்வி. தேவிபட்டினத்தில் தம்பி கடைக்கு ஒரு சிறு திரை எழுதுகிறேன். ஜாவாவின் திரைக் கருவித்தொகுப்பான ஸ்விங்கின் ஜேபேனல் வகுப்பு, நானே ஜாவாவில் எழுதிய 'கணக்கு' வகுப்பு, இரண்டையும் தாயாக வைத்து ஒரு பைத்தான் வகுப்பு எழுதினேன். ஜாவா வகுப்புகளில் பன்மரபு கிடையாது என்று முகத்தில் அடித்தது போல ஒரு பிழை வருகிறது. பைத்தானில் எத்தனை தாய் வேண்டுமானாலும் வைக்கலாமே?

---

தொண்டி_அலை · சனி, காலை 6:20

வத்தை, பைத்தானில் வைக்கலாம், ஜாவாவில் முடியாது. நீங்கள் எழுதும் வகுப்புக்குப் பின்னால் ஜைத்தான் உண்மையான ஒரு ஜாவா வகுப்பைப் பதிலியாகப் படைக்கிறது. அந்தப் பதிலி ஜாவாவின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஜாவா வகுப்பு ஒன்றுதான் தாயாக இருக்கலாம். என்னென்ன செயற்கூறுகள் வேண்டும் என்று மட்டும் சொல்லும் இடைமுகங்கள் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், தூய பைத்தான் வகுப்புகளையும் சேர்க்கலாம். மறைமுகமாக வந்தாலும் கணக்கு அதேதான்: உங்கள் பைத்தான் தாய் ஒருத்தி ஏற்கெனவே ஜேபேனலின் பிள்ளையாக இருந்தால், அந்த ஒரு இடம் நிரம்பிவிட்டது. ஜேபேனலை மட்டும் தாயாக வைத்துக்கொண்டு, 'கணக்கு' ஆப்ஜெக்ட் ஒன்றைச் செல்ஃபில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தது.

மண்டபத்தான் தம்பி, உங்கள் கதையில் எனக்கு உறுத்துவது அந்த 'தயார்செய்'. அதை அழைப்பது யார்?

---

மண்டபத்தான் · சனி, காலை 7:55

அக்கா, இப்போதுதான் ஏலக் கொட்டகையிலிருந்து வந்தேன். இன்று கையால் கழித்துச் சீட்டு எழுதினோம். மாமா பேசவில்லை.

'தயார்செய்' செயற்கூற்றை நான் எங்கும் அழைக்கவில்லை. தாய் வகுப்பே அழைத்துக்கொள்கிறது. எப்போது என்று தெரியாது. மூல நிரல் தரவில்லை, கம்பைல் செய்த கோப்பு மட்டும்தான்.

---

தொண்டி_அலை · சனி, காலை 8:10

ஜாவா எழுதுவோருக்கான ஜேடிகே தொகுப்போடு வரும் ஜாவாபி கருவியைச் 'சி' தெரிவோடு ஓட்டினால் வகுப்பின் உள்கட்டளைகளைக் காட்டும். கன்ஸ்ட்ரக்டருக்குள் 'தயார்செய்' அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

---

மண்டபத்தான் · சனி, காலை 8:41

இருக்கிறது! இரண்டு கன்ஸ்ட்ரக்டரிலும் கடைசி வேலையாக அதைத்தான் அழைக்கிறது. ஆனால் அதனால் என்ன? 'தயார்செய்' ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறது, பெட்டி எடையைத் தொடுவதே இல்லை.

---

கீழக்கரை_காக்கா · சனி, காலை 11:15

தம்பி, துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் இதே ஜைத்தான்சியோடு நான்கு வருடம் குடும்பம் நடத்தியவன் நான். உன் நண்டுப் பெட்டி எங்கே தொலைகிறது என்று தெரிந்துவிட்டது. ஒரு வேலை செய். 'இனிட்' செயற்கூற்றில் பெட்டி எடைக்கு வைத்திருக்கிறாயே 0 என்ற இயல்பு மதிப்பு, அதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்து ஓட்டு. என்ன வருகிறது என்று சொல். ஜும்மா நேற்றோடு முடிந்தது, இன்று முழுக்க வீட்டில்தான் இருக்கிறேன்.

---

மண்டபத்தான் · சனி, நண்பகல் 12:02

காக்கா, நிரல் எழும்பவே மாட்டேன் என்கிறது! 'இனிட்' செயற்கூற்றுக்கு இரண்டு அளவுருக்கள் வேண்டும், ஒன்றுதான் வந்தது என்கிறது. செல்ஃப் ஒன்று, பெட்டி எடை ஒன்று, ஆக இரண்டு. ஆனால் அமைப்புக் கோப்பில் 1.8 இருக்கிறது, தராசு நிரலும் அதைக் கொடுத்துத்தான் என் வகுப்பைப் படைக்கிறது. பிறகு யார் வெறுங்கையோடு 'இனிட்'டை அழைப்பது?

---

கீழக்கரை_காக்கா · சனி, மாலை 4:30

பகலுண்டு, படுத்து எழுந்து, சாவகாசமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ ஜைத்தான் திரையில் ஓட்டும்போது படைப்பவன் பைத்தான். முதலில் உன் 'இனிட்' ஓடுகிறது, 1.8 செல்ஃபில் உட்காருகிறது. 'இனிட்' முடிந்த பிறகு, நீயாகத் தாயின் கன்ஸ்ட்ரக்டரை அழைக்காததால், ஜைத்தானே எதையும் வாங்காத அந்தக் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கிறது. அது 'தயார்செய்' என்கிறது. அதற்குள் உன் வீட்டில் எல்லாம் தயார். வம்பு இல்லை.

கம்பைல் செய்த பிறகு படைப்பவன் ஜாவா. ஜைத்தான்சி உன் வகுப்பை முதலில் ஜாவா மூல நிரலாக எழுதி, அதன் பிறகுதான் ஜாவா கம்பைலரிடம் கொடுக்கிறது. ஜேபைவொர்க் என்ற அடைவில் அந்த மூலம் கிடக்கும், திறந்து பார். கன்ஸ்ட்ரக்டரில் இரண்டே வேலை. முதல் வரி, தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு 1.8 கொடுப்பது. இரண்டாவது வரி, பதிலியைத் தொடங்கிவைக்கும் 'இனிட்பிராக்சி'க்கு அதே 1.8 கொடுத்து உன் 'இனிட்'டை ஓட்டுவது. வரிசை தலைகீழாகிவிட்டது, பார்த்தாயா? தாய் முதலில், பைத்தான் பிறகு.

இப்போது அந்த முதல் வரிக்குள் போ. தாயின் கன்ஸ்ட்ரக்டர் 'தயார்செய்' என்று அழைக்கிறது. அதை நீ மேலெழுதியிருக்கிறாய், ஆகவே அழைப்பு பதிலிக்கு வருகிறது. பதிலி தன் பைத்தான் பாதியைத் தேடுகிறது. அது இன்னும் பிறக்கவே இல்லை. என்ன செய்யும்? காத்திருக்க முடியாது, தாய் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். எனவே அந்த இடத்திலேயே, கையில் எந்த அளவுருவும் இல்லாமல், 'இனிட்பிராக்சி'யை அழைத்துப் பைத்தான் பாதியைப் பிறக்க வைத்துவிடுகிறது. உன் 'இனிட்'டில் இயல்பு மதிப்பு 0 இருந்ததால் முனகாமல் ஏற்றுக்கொண்டது. பெட்டி எடை 0.

பிறகு இரண்டாவது வரி 1.8ஐத் தூக்கிக்கொண்டு வருகிறது. 'இனிட்பிராக்சி' முதலில் பார்ப்பது, பைத்தான் பாதி ஏற்கெனவே இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் அப்படியே திரும்பிவிடும். இருக்கிறது. திரும்பிவிட்டது. உன் 1.8 வாசலோடு போயிற்று.

அதனால்தான் பிழைச் செய்தி வரவில்லை. ஜைத்தானின் கணக்கில் அங்கே ஒரு பிழையும் நடக்கவில்லை. இயல்பு மதிப்பை நீ எடுத்ததும் அலறியதே, அந்த அலறல் முதல் நாளே வந்திருந்தால் உன் மாமா இப்போது உன்னோடு பேசிக்கொண்டிருப்பார்.

---

மண்டபத்தான் · சனி, மாலை 5:12

காக்கா, ஜேபைவொர்க்கைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே இரண்டு வரி, அதே வரிசை. மூன்று நாளாக அந்த அடைவு என் கண் முன்னாலேயே கிடந்தது, குப்பை என்று நினைத்து இரண்டு முறை அழித்திருக்கிறேன்.

---

பாலத்தடி · சனி, மாலை 5:40

நான் சொன்னது இதைத்தான். ஜாவாவில் எழுதியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது.

---

தொண்டி_அலை · சனி, மாலை 6:03

பாலத்தடி, பாதி சரி. தாயின் கன்ஸ்ட்ரக்டர் மேலெழுதக்கூடிய செயற்கூற்றை அழைப்பது ஜாவாவிலேயே பழைய குழி. நீங்கள் ஜாவாவில் எழுதியிருந்தாலும் 'தயார்செய்' ஓடும் நேரத்தில் சேயின் பெட்டி எடைப் புலம் 0.0 ஆகத்தான் இருக்கும். தாயை அழைப்பதற்கு முன் ஒரு வரிகூட எழுத முடியாது என்பது ஜாவாவில் நெடுங்காலச் சட்டம். ஜாவா 25இல்தான் அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், ஜாவாவில் அந்த 0 தற்காலிகம். தாய் முடித்ததும் உங்கள் கன்ஸ்ட்ரக்டர் 1.8ஐ எழுதிவிடும். ஜைத்தான் பதிலியில் அது நிலைத்துவிடுகிறது. தாய் வகுப்பை எழுதியவர் மேலும் நான் குறை சொல்வேன், கன்ஸ்ட்ரக்டருக்குள் அப்படி அழைத்திருக்கக் கூடாது.

கல்லூரியில் இதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது தலையாட்டுவார்கள். நண்டுப் பெட்டியை வைத்துச் சொன்னால் இனி மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தம்பி அனுமதித்தால் பயன்படுத்திக்கொள்கிறேன்.

---

மண்டபத்தான் · சனி, மாலை 6:15

தாராளமாக, அக்கா. மாமா பெயர் மட்டும் வேண்டாம்.

உடனடியாக ஒன்று செய்தேன். 'தயார்செய்' மேலெழுதலை நீக்கிவிட்டேன். பதிவேட்டில் ஒரு வரி எழுதத்தானே, அதை 'நிகரம்' முதல் முறை ஓடும்போது எழுதிக்கொள்ளலாம். இயல்பு மதிப்பையும் எடுத்துவிட்டேன். இப்போது தாய் அழைக்கும் 'தயார்செய்' தாயுடையதுதான், பைத்தான் பக்கம் வருவதில்லை. பதிலி நேரத்தோடு பிறக்கிறது. 23.4க்கு 21.6 வருகிறது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. சீட்டு அச்சடிக்கும்போது, 'பதிவுசெய்' செயற்கூற்றுக்கு இரண்டு அளவுருக்கள்தான் வேண்டும், மூன்று வந்தன என்கிறது. எடை சரியாக வந்த மகிழ்ச்சியில், சீட்டின் கீழே படகுப் பெயர் வரட்டும் என்று அதை இன்றுதான் மேலெழுதினேன்.

---

தொண்டி_அலை · சனி, மாலை 6:38

தாய் வகுப்பில் 'பதிவுசெய்' என்ற பெயரில் இரண்டு இருக்கும், பாருங்கள். எடை மட்டும் வாங்குவது ஒன்று, எடையும் ரகமும் வாங்குவது இன்னொன்று. ஜாவாவில் ஒரே பெயரில் பல வடிவங்கள் இருக்கலாம், அளவுருவின் வகையைப் பார்த்து ஜாவா பிரித்துக்கொள்ளும். பைத்தானில் பெயர் ஒன்று, செயற்கூறும் ஒன்று. நீங்கள் ஒரு வடிவத்தை மேலெழுதியதாக நினைக்கிறீர்கள், ஆனால் அந்தப் பெயரில் உள்ள எல்லா வடிவங்களையும் உங்கள் ஒரே செயற்கூறு மறைத்துவிட்டது. ரகத்தை இயல்பு மதிப்புள்ள அளவுருவாகச் சேர்த்து, அது வந்ததா வரவில்லையா என்று உள்ளே பார்த்து, தாயின் அந்தந்த வடிவத்துக்கு அனுப்புங்கள்.

(இயல்பு மதிப்பு என்றதும் பதற வேண்டாம். இங்கே அது பொருத்தமானது.)

---

உச்சிப்புளி_பாசஞ்சர் · சனி, இரவு 8:20

படிக்கப் படிக்க ஒரு கேள்வி. இந்தக் காலத்தில் ஜைத்தானுக்கு மாற்று எதுவும் இல்லையா? ஜேபைப் என்கிறார்கள், கிரால்பை என்கிறார்கள்.

---

கீழக்கரை_காக்கா · சனி, இரவு 9:05

இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் சட்டமும் வேறு. ஜேபைப்பில் பைத்தான்தான் முதலாளி, ஜாவாவை அது உள்ளே எழுப்பிக்கொள்ளும். அதில் ஜாவா இடைமுகத்தைப் பைத்தானில் நிறைவேற்றலாம், ஜாவா வகுப்பின் சேயாகப் பிறக்க முடியாது. தம்பியிடம் ஜாவா நிரல்தான் முதலாளி, ஆகவே பொருந்தாது. கிரால்பை ஜாவா வகுப்பின் சேயாகப் பிறக்க விடுகிறது. ஆனால் கிடைக்கும் ஆப்ஜெக்டின் பைத்தான் பக்கத்துப் பண்புகளை 'திஸ்' என்ற பெயர் வழியாகப் போய்த்தான் எட்ட வேண்டும் என்பது அதன் வழக்கமான ஏற்பாடு. அதுவும் புதிய ஜாவாவில். ஜாவா 6 கணினியில் அதை நினைக்கவே வேண்டாம்.

இந்த மரபுரிமை வம்பு ஏதோ ஒரு கருவியின் குறை என்று எடுத்துக்கொள்ளாதே. ஜிம் ஹியூகனின் 1997இல் ஜேபைத்தான் என்ற பெயரில் இதைத் தொடங்கியபோதே இந்தப் பிணக்கு இருந்தது. பைத்தான் வகுப்பு ஓடும்போது உருவாகிறது, ஜாவா வகுப்பு ஓடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஜைத்தான்சி உன் நிரலை ஓட்டாமலேயே படித்து, தாய் யார், என்ன செயற்கூறுகள் என்று ஊகிக்கப் பார்த்தது. வகுப்பின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், ஜாவாவுக்குத் தெரிய வேண்டிய செயற்கூற்றின் வடிவத்தை ஆவணச் சரத்தில் 'சிக்' குறிப்போடு எழுத வேண்டும், இறக்குமதிகளையும் சேர்க்க 'டீப்' தெரிவைக் கொடுக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளும் அதற்காகத்தான். 2.5இல் அதை விட்டுவிட்டார்கள் என்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

---

மண்டபத்தான் · சனி, இரவு 9:22

அப்படியானால் நான் எதற்கு மாறுவது, காக்கா? மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பினால் நண்டோடு இறாலும் கணவாயும் சேர்ந்துவிடும். ரகத்துக்கு ஒரு பெட்டி எடை, ஐஸ் கழிவு வேறு. அதற்குள் கணினியையும் மாற்றிவிடலாம் என்று மாமா சொல்லியிருந்தார். அது பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

---

கீழக்கரை_காக்கா · சனி, இரவு 10:10

புதிய கணினியில் ஜாவா 8, ஜைத்தான் 2.7.4. அதில் கம்பைலர் இல்லை, தேவையும் இல்லை. இப்படிச் செய்.

தராசின் சேயை ஜாவாவிலேயே எழுது. பாலத்தடி மகிழட்டும். ஆனால் அதில் கணக்கு எதுவும் வேண்டாம். பதினைந்து இருபது வரி போதும். 'நிகரம்' கேட்டால் இன்னொருவரிடம் கேட்டுச் சொல்லும் தூதன் அது. அந்த இன்னொருவர் யார் என்பதற்கு ஒரே ஒரு செயற்கூறுள்ள ஜாவா இடைமுகம் ஒன்று வைத்துக்கொள். 'நிகரக்கணக்கு' என்று பெயரிடு. மொத்த எடை உள்ளே, நிகர எடை வெளியே.

பைத்தானில் 'நண்டெடை' இப்போது தராசின் பிள்ளை அல்ல, அந்த இடைமுகத்தை நிறைவேற்றும் வகுப்பு மட்டும். தூதன் தன் கன்ஸ்ட்ரக்டரில், தாயின் வேலை முடிந்த பிறகு, ஜாவாவுக்குள் பைத்தானை ஓட்டும் பைத்தான்இன்டர்பிரிட்டர் வழியாக உன் தொகுதியை ஏற்றி, உன் வகுப்பை 1.8 கொடுத்து அழைத்து, கிடைத்ததை 'டூஜாவா' செயற்கூற்றால் இடைமுகமாக மாற்றி வைத்துக்கொள்ளும். படைப்பவன் மறுபடி பைத்தான். பைத்தான் பக்கத்தில் 'இனிட்'தான் முதலில் ஓடும். வரிசை உன் கைக்குத் திரும்பிவிடும். இடைமுகத்துக்குக் கன்ஸ்ட்ரக்டர் கிடையாது, ஆகவே நடுவில் கதவைத் தட்டவும் ஆள் கிடையாது.

இறால், கணவாய் என்று ரகம் கூடினால், பைத்தானுக்குள் எத்தனை தாய், எத்தனை சேய் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அங்கே பைத்தானின் சட்டம் மட்டும் நடக்கும். எல்லையைத் தாண்டுவது அந்த ஒரு இடைமுகம் மட்டுமே.

ஒன்றே ஒன்று. தூதன் வகுப்பில் 'தயார்செய்' செயற்கூற்றை மேலெழுதிவிடாதே. தொண்டித் தங்கச்சி சொன்ன குழி அங்கேயும் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.

---

பாலத்தடி · சனி, இரவு 10:31

மகிழ்ந்துவிட்டேன், காக்கா.

ஆனால் ஒரு கேள்வி. தூதனை ஜாவாவில் எழுதிய பிறகு கணக்கையும் அங்கேயே எழுதிவிட்டால் என்ன? கழித்தல்தானே.

---

மண்டபத்தான் · சனி, இரவு 10:44

கழித்தல் மட்டும் அல்ல, அண்ணே. காலையில் ஒரு விதி, மாலையில் ஒரு விதி. கச்சான் காற்று அடிக்கும் நாளில் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி வந்தால் மாமா கண்ணளவில் கால் கிலோ குறைப்பார். முட்டை நண்டு வந்தால் தனியாக எடுத்து வைப்பார். விதி மாறும்போதெல்லாம் ஜார் கட்டிக்கொண்டிருக்க முடியாது. பைத்தான் கோப்பில் ஒரு வரியை மாற்றி நிரலை மறுபடி எழுப்பினால் போதும் என்பதற்காகத்தான் இந்த வழிக்கே வந்தேன்.

---

வத்தை77 · சனி, இரவு 11:02

அக்கா சொன்னபடி ஜேபேனல் மட்டும் தாயாக, 'கணக்கு' செல்ஃபில். திரை வந்துவிட்டது. ஒரு சிறு ஆசை: வகுப்புப் பெயர்களைத் தமிழிலேயே வைக்க முடியுமா? மண்டபத்தான் இங்கே 'நண்டெடை' என்று எழுதியதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது.

---

தொண்டி_அலை · ஞாயிறு, காலை 6:45

ஜாவாவில் முடியும். பைத்தான் 3இலும் முடியும். ஆனால் ஜைத்தான் பைத்தான் 2.7இலேயே நிற்கிறது, அதில் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்க வேண்டும். ஆக, தாய்க்கும் தூதனுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம், பைத்தான் பிள்ளைக்கு மட்டும் வைக்க முடியாது. மண்டபத்தானும் இங்கே நமக்காகத்தான் தமிழில் எழுதினார் என்று நினைக்கிறேன்.

---

மண்டபத்தான் · திங்கள், காலை 9:30

ஆமாம் அக்கா, உண்மைப் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில்தான்.

நேற்று மகனின் மடிக்கணினியில் ஜாவா 8 போட்டு, தூதனையும் இடைமுகத்தையும் எழுதினேன். பதினெட்டு வரி. முதல் முறை ஓட்டியபோது தொகுதியைக் காணவில்லை என்றது. பைத்தான் கோப்பு இருக்கும் அடைவைத் தேடல் பாதையில் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்ததும் ஓடியது. வேண்டுமென்றே 'இனிட்'டின் முதல் வரியில் ஒன்று, தாயின் 'தயார்செய்' முடிந்ததும் ஒன்று என்று அச்சிட்டுப் பார்த்தேன். தாய் முடித்த பிறகுதான் 'இனிட்' ஓடுகிறது, 1.8 கையிலேயே வருகிறது.

இன்று விடியலில் பழைய கணினி ஒரு பக்கம், மடிக்கணினி ஒரு பக்கம் வைத்து, பதினொரு பெட்டிகளுக்கு இரண்டிலும் சீட்டு எடுத்தோம். பதினொன்றும் ஒத்துப்போயின. மாமா ஒவ்வொரு சீட்டையும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். வேதாளைக்காரரும் வந்திருந்தார். மூன்று நாள் கூடுதல் பணத்தை வாரம் இவ்வளவு என்று கழித்துக்கொள்ளச் சொன்னார். மாமா, வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "இவன் கணக்கில் எழுது" என்றார்.

காக்கா, இறாலுக்கு ஐஸ் கழிவைக் கிலோவில் வைப்பதா, விழுக்காட்டில் வைப்பதா என்று இங்கே சண்டை நடக்கிறது. இரண்டையும் தனித்தனிச் சேய் வகுப்பாக எழுதி, எது வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் விட்டுவிடலாமா?

---

கீழக்கரை_காக்கா · திங்கள், காலை 10:05

விடலாம். ஆனால் இயல்பு மதிப்பு வைக்காதே.